அந்தாத்தி, அந்தாத்தே

ஒத்தக்கடை
12.1.2025

அன்புள்ள அண்ணிக்கு முத்துச்செல்வி எழுதுவது. நான் நலம். அம்மா எழுமலையில் தம்பி வெள்ளைத்துரை வீட்டில் நலம். மூட்டுவலியும் கூடவே நலமாக இருக்கிறது. அங்கே உங்கள் நலம் எப்படி?

முதலில் கெட்ட சேதியைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் சென்னைக்குப் போய் எழுதிய இத்தாலியன் தேர்வில் நான் ஃபெயில். எழுதுவதில் தேறிவிட்டேன். பேசுவதில் நான்கு மார்க்கில் கவிழ்ந்தேன். வயதைக் கேட்டார்கள். "ஐ ஆம் தர்ட்டி" என்பதை மனசுக்குள் மாற்றி, "இயோ சோனோ த்ரெந்தா" என்றேன். பிடித்த சாப்பாட்டைக் கேட்டார்கள். "ஐ லைக் ரைஸ்" என்பதை மாற்றி, "இயோ பியாச்சோ இல் ரீசோ" என்றேன். கேட்ட அம்மாள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் அண்ணன் பேச்சு வரும், பத்தாவது நிமிஷம் இரண்டு பக்கமும் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் கேட்கும். அவன் காமாலையில் போய் ஆறு வருடமாக இதுவே நடக்கிறது. அதனால்தான் கடிதம். 

செப்டம்பரில் மறுபடி எழுதலாம். தேறினால் அங்கே நீங்கள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலேயே நர்ஸ் வேலை. இதோடு சரி, மூன்றாவது தடவை கிடையாது என்று ஏஜென்சிக்காரர் சொல்லிவிட்டார். எனக்கு இத்தாலியைப் பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை அண்ணி. உங்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் முப்பது வயதில் இந்தக் குட்டிக்கரணம் அடிக்கிறேன். அண்ணன் வழியில் எனக்கு மிஞ்சியது நீங்கள் ஒருத்தர்தான், நீங்களும் பிளேன் ஏறிவிட்டீர்கள்.

பதில் போடவும். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளவும்.

உங்கள் நாத்தனார்
முத்துச்செல்வி


பிரேஷா
3.2.2025

செல்வி,

நலம். இங்கே காதை மட்டும் மூடினால் போதாது, மூக்கையும் மூட வேண்டியிருக்கிறது. அத்தைக்கு மூட்டில் தடவத் தைலம் அனுப்புகிறேன்.

நீ ஃபெயில் ஆனதில் எனக்கு வருத்தமில்லை. எப்படி ஆனாய் என்பதில்தான் கோபம். தமிழில் நினைத்து, இங்கிலீஷுக்கு மாற்றி, அங்கிருந்து இத்தாலியனுக்குப் போகிறாய். எழுமலையிலிருந்து உசிலம்பட்டி போக யாராவது சென்னை வழியாகப் போவார்களா? உன் வகுப்பில் இருப்பது இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதிய புத்தகம். அவர்களுக்குக் கஷ்டமாக இருப்பது பல இடங்களில் உனக்குப் பிறப்பிலேயே தெரியும்.

"எனக்குச் சோறு பிடிக்கும்" என்று நீ சொல்வதில்லையா? அதுதான் "மி பியாச்சே இல் ரீசோ". எனக்குப் பிடிக்கும், சோறு. அவ்வளவுதான். நீ தேர்வில் சொன்னது, சோற்றுக்கு உன்னைப் பிடிக்கும் என்பதுபோல. "எனக்குத் தலை வலிக்குது" என்பதும் அப்படியே "மி ஃபா மாலே லா தெஸ்தா". பசி, தாகம், வயது எல்லாம் இங்கே ஆளிடம் இருக்கிற பொருள்கள். பசியாக யாரும் இருப்பதில்லை, பசியை வைத்திருக்கிறார்கள்.

வயதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. வருடங்களுக்கு "அன்னி" என்று பெயர். என்னைக் கூப்பிடுகிற மாதிரியே அழுத்திச் சொல். இங்கிலீஷ்காரர்கள் அழுத்தாமல் ஒற்றை "ன" போட்டு, தங்களுக்கு முப்பது பின்பக்கத்து ஓட்டைகள் இருப்பதாகச் சபையில் அறிவித்துவிடுகிறார்கள். நமக்குக் கனி வேறு, கன்னி வேறு என்று தெரியும். பயப்படாதே.

நான் வந்த புதிதில் மலையம்மாள் நீளமாக இருக்கிறதே என்று "மாலா" எனச் சுருக்கிக்கொண்டேன். அதற்கு இங்கே "கெட்டது" என்று அர்த்தமாம். இப்போது எண்பது வயதுக் கிழவர்கள்கூட "மலையம்மாள்" என்று திருத்தமாகச் சொல்கிறார்கள்.

உன் பயிற்சிகளை அனுப்பு. சிவப்பு மையில் திருத்தி அனுப்புவேன், இரக்கம் பார்க்க மாட்டேன்.

அண்ணி
மலையம்மாள்


ஒத்தக்கடை
2.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய அவா. தைலம் வந்தது. அம்மா மூட்டில் தடவாமல் பீரோவில் வைத்து வாசம் பார்க்கிறாள்.

உங்கள் வழி பலிக்கிறது. கோரிப்பாளையம் வகுப்பில் வெங்கடேஷ்பாபு சார், "லைக்" என்பதற்கு எழுவாயையும் செயப்படுபொருளையும் பலகையில் அம்புக்குறி போட்டுத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து, "சார், எனக்குப் பிடிக்கும்னு நேரா சொல்லிட்டாப் போச்சு" என்றேன். வகுப்பே கைதட்டியது. சார் அம்புக்குறிகளையெல்லாம் அழித்துவிட்டு, "ஏம்மா, இதை ஏன் போன வருசமே சொல்லல?" என்றார்.

ஒரு அசிங்கமும் நடந்தது. ஏஜென்சி கொடுத்த இத்தாலியன் படிவத்தில் "இத்தாலியில் இருக்கும் பரேந்தி" என்று ஒரு கட்டம். பேரன்ட்ஸ் என்று நினைத்து, அப்பா அம்மா பெயரை அழகாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏஜென்சிக்காரர் போன் பண்ணி, "ஒங்க அப்பா இத்தாலியிலயாம்மா இருக்காரு?" என்றார். "இல்ல சார், எழுமலைச் சுடுகாட்டுல இருக்காரு" என்றேன். பரேந்தி என்றால் சொந்தக்காரர்களாமே! பெற்றோருக்கு வேறு வார்த்தையாம். "தியேத்தா மோர்பிதா" என்பதையும், இங்கிலீஷ் "மார்பிட்" என்று நினைத்து, நோய் பிடித்த சாப்பாடு என்றே டிசம்பரில் எழுதிவைத்தேன். மென்மையான சாப்பாடு என்று நேற்றுத்தான் தெரிந்தது. எத்தனை நோயாளிக்குக் குழைந்த சோறு ஊட்டியிருப்பேன், எனக்கு இது தேவைதான்.

படிவத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். சொந்தக்காரர் கட்டத்தில் உங்கள் பெயர் எழுதிவிட்டேன். உறவு என்ன என்று எழுத?

நீங்களும் உங்களோடு வேலை பார்க்கும் ஷைனி, ஜெயா சேச்சிகளும் இருக்கும் வீட்டில் எனக்கு இடமிருக்கும்தானே? தரையில்கூடப் படுத்துக்கொள்வேன்.

என்றும் அன்புடன்
செல்வி


பிரேஷா
24.3.2025

செல்வி,

நலம். குளிர் விட்டுவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படிவத்தில் "கொஞ்ஞாத்தா" என்று எழுது. இங்கிலீஷ்காரர்களுக்கு அந்த ஞ-வைச் சொல்வதற்குள் வாய் கோணிவிடும். உனக்கு ஞாயிற்றுக்கிழமை சொல்லிப் பழக்கம், தானாக வரும். ஆனால் அந்த ஒரே வார்த்தையில் அண்ணி, நாத்தனார், கொழுந்தியாள், தம்பி பெண்டாட்டி எல்லாரும் அடக்கம். யார் வழியில் உறவு என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

வாசித்துப் பழக ஒரு பத்தி எழுதி இணைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, இசேயோ ஏரிக்குப் போனதைப் பற்றி. புத்தகத்துக் கதையைவிட வீட்டுக் கதை மனசில் நிற்கும்.

உனக்கு ஒரு அறை இருக்கிறது. தரையில் படுக்க வேண்டாம்.

அண்ணி


ஒத்தக்கடை
20.4.2025

பேராசிரியர் மலையம்மாள் அவர்களுக்கு மாணவி முத்துச்செல்வி பணிவன்போடு எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் சுகம். அவ்விடம் சுகம்தானா என்று இந்தக் கடிதத்தைப் படித்தபின் சொல்லவும்.

ஏனென்றால் இந்த முறை சிவப்புப் பேனா என் கையில்!

உங்கள் ஏரிப் பத்தியை மூன்று தடவை படித்தேன். "சியாமோ அந்தாத்தி" என்று ஆரம்பிக்கிறீர்கள், போனோம். அப்புறம் "அர்ரிவாத்தி", சேர்ந்தோம். கடைசியில் "தொர்நாத்தி", திரும்பினோம். படித்தபோது ஏதோ கோயில் அந்தாதி மாதிரி காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போன வாரம் சார் நடத்திய பாடம் என்ன தெரியுமா? போவது வருவதெல்லாம் பெண்கள் மட்டும் செய்தால் கடைசி எழுத்து "தே". அந்தாத்தே, அர்ரிவாத்தே, தொர்நாத்தே. நூறு பெண்களுக்கு நடுவே ஒரே ஒரு ஆண் நின்றாலும் போதும், எல்லாருக்குமாக "தி" ஆகிவிடும். இங்கிலீஷ் படித்தவர்களுக்கு இது வரவே வராது, அவர்கள் "வென்ட்" ஆணா பெண்ணா என்று யோசித்ததே இல்லை என்றார். நம் "போனோம்" மட்டும் என்ன, அதிலும் ஒன்றும் தெரியாதே.

ஆக, நீங்களும் சேச்சிகளுமாக மூன்று பெண்கள் ஏரிக்குப் போய் மூன்று தப்பு செய்திருக்கிறீர்கள். ஷைனி சேச்சிக்கு மீசை முளைத்துவிட்டதா? பத்துக்கு ஏழு போட்டிருக்கிறேன். சாப்பிட்டதை "மஞ்ஜாத்தோ" என்று சரியாக எழுதியதால் பாஸ். அந்த வினை யாருக்கும் மாறாதாமே.

சித்திரைத் திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம். அழகர் ஆற்றில் இறங்கும்போது எனக்கு டூட்டி போடாமல் இருக்க வேண்டும்.

வெற்றிக் களிப்புடன்
செல்வி


பிரேஷா
14.5.2025

செல்வி,

நலம். அழகரைப் பார்த்தாயா, டூட்டியில் மாட்டிக்கொண்டாயா?

"மான்காரே" என்ற வினையைப் படித்துவிடு, தேர்வில் கட்டாயம் வரும். இங்கிலீஷ்காரர்கள் "நான் உன்னை மிஸ் பண்ணுகிறேன்" என்பதை மாற்றப்போய், "நீ என்னை நினைத்து ஏங்குகிறாய்" என்று எதிராளி தலையில் கட்டிவிடுவார்கள். குழம்பில் உப்பு குறையுது என்கிறோமே, அதற்கும் இதே வினைதான். குறைகிற பொருள்தான் எழுவாய். "மி மான்கி" என்றால், எனக்கு நீ குறைகிறாய்.

பத்து வாக்கியங்கள் இணைத்திருக்கிறேன். வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அண்ணி


ஒத்தக்கடை
5.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நலம். அழகரைப் பார்த்தேன். பத்து வாக்கியமும் எழுதி இணைத்திருக்கிறேன், ஒன்பது சரியாக இருக்கும்.

என் விடைத்தாளில் ஒரு கொம்பு விட்டுப்போனால்கூட வட்டம் போடுகிற ஆள் நீங்கள். நான் மூன்று தப்பு கண்டுபிடித்து அப்படிக் குதித்து எழுதியதற்கு ஒரு வரி பதில் இல்லை. தப்பு என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை, தப்பில்லை என்று சண்டைக்கும் வரவில்லை. வார்டில் மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் முன்னால் நின்று "நான்தான்" என்று சொல்கிற அண்ணியை எனக்குத் தெரியும். அப்படியானால் அது தப்பே இல்லை.

ஒரே எழுத்தில் மூன்று தடவை யாருக்கும் கை தவறாது. ஏரிக்கு ஒரு ஆண் வந்திருக்கிறான்.

யார் அண்ணி?

செல்வி


பிரேஷா
27.6.2025

என் அன்புச் செல்விக்கு,

நீ நலமாக இரு. நான் நலமாகத்தான் இருக்கிறேன், அதைச் சொல்லத்தான் இத்தனை மாதம் கூசியது.

தமிழில் எழுதியிருந்தால் "போனோம்" என்பதற்குள் அவரை ஒளித்து வைத்திருப்பேன். இத்தாலியனில் கை தானாக "தி" போட்டுவிட்டது. நீ எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர் பெயர் இவானோ. சிரித்துக்கொள், "இவனோ" என்று கேள்வி கேட்கிற மாதிரிதான் இருக்கும். நாற்பத்து நான்கு வயது. எங்கள் இல்லத்துக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். இரண்டு வருடமாக அவரை "இல் மியோ அமீக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், என் நண்பர். சொந்தக்காரர்களைச் சொல்லும்போது அந்த "இல்" விழுந்துவிடும் என்று நீ படித்திருப்பாய். மார்ச் எட்டாம் தேதி நகராட்சியில் பதிவு செய்தோம். இப்போது "மியோ மரீத்தோ". என் கணவர். ஏரிக்குப் போனது அதற்கு எட்டு நாள் கழித்து. ஷைனியும் ஜெயாவும் போன வருடமே மிலானோவுக்கு மாறிவிட்டார்கள், அதையும் உன்னிடம் சொல்லவில்லை.

உன் அண்ணன் படம் ஹாலில் இருக்கிறது. ஆணி அடித்தவர் இவானோதான், கொஞ்சம் கோணல். சோணைமுத்துவைப் பற்றிப் பேசும்போது நான் இன்னும் "மி மான்கா" என்றுதான் சொல்கிறேன், குறைகிறார். இறந்த காலத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. இவானோ அதைத் திருத்தச் சொன்னதும் இல்லை.

இதையெல்லாம் வேறு யாருக்குச் சொல்லவும் பயமில்லை. உனக்குச் சொல்லத்தான் பயந்தேன். நீ அண்ணியைத் தேடித்தான் வருகிறாய். நான் இன்னும் உனக்கு அண்ணிதானா என்று எனக்குத் தெரியவில்லை.

அறை இருக்கிறது என்றது பொய்யில்லை. கிழக்குப் பார்த்த அறை.

மலையம்மாள்


பிரேஷா
10.8.2025

செல்வி,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. என்மேல் இருக்கும் கோபத்தைத் தேர்வில் காட்டாதே. இங்கே வேறு ஊர்களிலும் முதியோர் இல்லங்கள் இருக்கின்றன. என்னோடு இருக்க விருப்பமில்லை என்றால் அங்கே விசாரித்துத் தருகிறேன். ஆனால் தேறு. நீ கெட்டிக்காரி, உன் அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மலையம்மாள்


ஒத்தக்கடை
10.10.2025

அன்புள்ள அக்கா,

ஆமாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். சிவப்புப் பேனாவை மூடி வை.

முதலில் நல்ல சேதி. பாஸ். பேசுவதில் முப்பதுக்கு இருபத்தேழு. நீ நலமா என்று அப்புறம் கேட்கிறேன், இதைச் சொல்லாமல் கை ஓடவில்லை.

உன் ஜூன் மாதக் கடிதத்தைக் கிழித்தேன். மறுநாள் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி வைத்து ஒட்டினேன். "மரீத்தோ" மட்டும் இரண்டு துண்டாகக் கோணலாக இருக்கிறது. அப்புறம் லீவு போட்டு எழுமலைக்குப் பஸ் ஏறினேன். அம்மாவிடம் சொல்லி, இரண்டு பேருமாக உட்கார்ந்து அழலாம் என்று நினைப்பு. அம்மா பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழேகூட வைக்கவில்லை.

"எனக்குத் தை மாசமே தெரியுமே. போன்ல எங்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சா. செஞ்சுக்க ஆத்தான்னேன். சோணை போயி ஆறு வருசமாச்சு, அவளுக்கு அப்படி எம்புட்டு வயசாச்சு? நீ குதிப்பேன்னுதான் ரெண்டு பேரும் மூச்சு விடல."

"எனக்கு அவ யாரும்மா இப்ப?" என்று கத்தினேன்.

"நல்லாத் திங்கிறாளாமா, அதக் கேளு மொதல்ல" என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது அக்கா. எல்லாரும் என்னைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு நான் இருந்திருக்கிறேன். ஒத்தக்கடைக்குத் திரும்பும் பஸ்ஸில் உசிலம்பட்டி வரை அழுதேன். அதற்கப்புறம் யோசித்தேன்.

நீ எனக்கு அண்ணியாகவே இருந்தால், அவரை நான் அண்ணன் என்று கூப்பிட வேண்டும். அது என் வாயில் வராது. நூறு வருடம் போனாலும் எனக்கு அண்ணன் ஒருத்தன்தான். அந்த இடம் காலியாக இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால், இவானோ, இவானோ என்று வீட்டுக்குள் கேள்வி கேட்டுக்கொண்டே திரிய முடியுமா? உங்கள் ஊர் மாதிரி எல்லாரையும் ஒரே வார்த்தையில் அடைக்க நமக்கும் தெரியாது.

இதே நினைப்போடுதான் செப்டம்பரில் சென்னைக்குப் போனேன். அதே அம்மாள்தான் எதிரில். வயதைக் கேட்டாள், "ன்ன" அழுத்திச் சொன்னேன். இத்தாலியில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். "கொஞ்ஞாத்தா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "மியா சொரெல்லா" என்று வந்தது. என் அக்கா. தமிழில்கூட அதுவரை அப்படி நினைத்ததில்லை. சொன்ன பிறகு அதை மாற்ற மனமில்லை. அக்காவைப் பற்றிப் பேசு என்றாள். ஆறு நிமிஷம் பேசினேன், அவளே கையைக் காட்டி நிறுத்தினாள்.

அண்ணி என்பது அண்ணன் வழியாக வந்தது. அவன் போனதும் அது எப்போது அறுந்துபோகுமோ என்று ஆறு வருடம் பயந்துகொண்டே கிடந்தேன். அதனால்தான் அந்தக் குதிப்பெல்லாம். அக்கா யார் வழியாகவும் வர வேண்டியதில்லை. நீங்கள் என்று சொல்லி உனக்கு இத்தனை வருடம் மரியாதை கொடுத்தாயிற்று. எழுமலைப் பக்கம் எவளும் கூடப் பிறந்த அக்காவை நீங்கள் என்று கூப்பிடுவதில்லை.

விசா வந்ததும் தேதி எழுதுகிறேன். ஜனவரிக்குள் வந்துவிடுவேன். கிழக்குப் பார்த்த அறையை யாருக்கும் கொடுத்துவிடாதே. அம்மா மறுபடி கேட்கச் சொன்னாள், நல்லாச் சாப்பிடுகிறாயா?

மாமாவை நான் ரொம்பவும் கேட்டதாகச் சொல்லு.

உன் தங்கை
முத்துச்செல்வி